வேலைக்கு வராதவரைத் தேடிப் போவது யார்?

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் விடிவதற்கு முன்பே கூடுகிறவர்களில் பெரும்பாலோர் கட்டட வேலைக்காரர்கள். ஒரு கையில் தூக்குவாளி, இன்னொரு கையில் கரணையும் மட்டப்பலகையும் போட்ட பை. காட்ரோடு வழியாகக் கொடைக்கானல் மலை ஏறுகிறவர்கள் உண்டு. மதுரைப் பக்கமும் திண்டுக்கல் பக்கமும் போகிறவர்கள் உண்டு. மேஸ்திரி வந்து ஆளை எண்ணுவார். ஒரு ஆள் குறைந்தால், அங்கேயே நிற்கும் இன்னொருவரை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பிவிடும். வராதவர் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்பதில்லை. கேட்க நேரமும் இல்லை. திங்கட்கிழமையாக இருந்தால் கேட்கவே வேண்டாம், ‘சனிக்கிழமை வாங்கின சம்பளத்தைக் குடிச்சிட்டுக் கிடப்பான்’ என்று முடிவாகிவிடும்.

அப்படி வராமல் போகிறவர்களில் சிலர் திரும்ப வருவதே இல்லை. அவர்கள் எத்தனை பேர் என்பதை அரசாங்கத்தின் கணக்கே சொல்கிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி, 2021-ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,64,033 பேர். அவர்களில் 42,004 பேர் தினக்கூலிகள். நான்கு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். 2014-ல் இந்தப் பங்கு 12 விழுக்காடாக இருந்தது. ஏழே ஆண்டுகளில் அது இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. 2021-ல் தமிழ்நாட்டில் மட்டும் இறந்த தினக்கூலிகள் 7,673 பேர். நாட்டிலேயே இதுதான் அதிகம். ஒரு நாளைக்கு 21 பேர். இவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். குடும்பத்தின் அன்றாடச் செலவைச் சுமந்தவர்கள்.

2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். நாடே அதிர்ந்தது. விசாரணை ஆணையம் வந்தது. மாநிலத்தின் கணக்கை மூன்று நாள் கூட்டினால், மௌலிவாக்கத்தில் இறந்தவர்களைவிட அதிகமான தினக்கூலிகள் சத்தமில்லாமல் இறந்திருப்பார்கள். இதற்கு எந்த ஆணையமும் கிடையாது. ஊரில் ஒரு சுவரொட்டியோடு முடிந்துவிடுகிறது.

கணக்கில் இல்லாத கட்டங்கள்

காப்பகத்தின் அறிக்கையில் இறந்தவரின் தொழில் என்ன, எதுவரை படித்தார், மணமானவரா, ஆண்டு வருமானம் எவ்வளவு என்றெல்லாம் அட்டவணைகள் இருக்கின்றன. சாதி அட்டவணை கிடையாது. கட்டடத் தொழிலாளருக்குத் தனிக் கட்டமும் இல்லை. விவசாயக் கூலிகளைத் தனியாகக் காட்டிவிட்டு, கலவை போடுகிறவர், செங்கல் சுமக்கிறவர், சுமை இறக்குகிறவர், பெயின்ட் அடிக்கிறவர் எல்லாரையும் ‘தினக்கூலி’ என்ற ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. வத்தலக்குண்டு அடங்கிய நிலக்கோட்டைச் சட்டமன்றத் தொகுதி தனித்தொகுதி. நிலமில்லாத குடும்பங்கள் வயல் வேலை குறையக் குறையக் கட்டட வேலைக்கு நகர்ந்ததை இந்தப் பகுதியின் எந்தக் காலனியிலும் பார்க்கலாம். வெற்றிலைக் கொடிக்காலிலும் நெல் வயலிலும் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்று சென்ட்ரிங் பலகை அடிக்கிறார்கள், கம்பி கட்டுகிறார்கள். அந்தத் தினக்கூலிக் கட்டத்துக்குள் நம் ஆட்கள் எவ்வளவு பேர் என்று அரசு சொல்லாவிட்டாலும், காலனிக்குள் இருப்பவர்களுக்குத் தெரியும்.

தலித்துகளின் மனநலம் என்றாலே படித்த பிள்ளைகளைப் பற்றித்தான் பொதுவெளியில் பேசுகிறார்கள். 2016-ல் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா இறந்ததும், 2017-ல் சேலத்திலிருந்து டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் போன முத்துகிருஷ்ணன் இறந்ததும் அந்தப் பேச்சைத் தொடங்கிவைத்தன. அது தேவையான பேச்சு. ஆனால் அந்தப் பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சாரத்தில் ஏறி நிற்கும் அப்பாவைப் பற்றியும், தலையில் சாந்துச் சட்டி சுமக்கும் அம்மாவைப் பற்றியும் அப்படி ஒரு பேச்சு இன்னும் எழவில்லை.

கூட்டத்தில் தனி ஆள்

கட்டட வேலையைத் தனியாகச் செய்ய முடியாது. ஒருவர் கலந்து கொடுக்க, ஒருவர் சுமக்க, ஒருவர் வாங்கிப் பூச வேண்டும். கான்கிரீட் போடும் நாளில் இருபது முப்பது பேர் கை மாற்றிக் கை மாற்றிச் சட்டியை மேலே ஏற்றுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இவ்வளவு ஒட்டி வேலை செய்கிறவர்களுக்குத் தனிமை என்ன இருக்கிறது என்று தோன்றும்.

அந்த ஒட்டுதல் தளம் போட்டு முடியும் வரைதான். அந்த வேலை முடிந்தால் ஆட்கள் கலைந்துவிடுவார்கள். அடுத்த இடத்தில் வேறு மேஸ்திரி, வேறு ஆட்கள். ஒரு தொழிற்சாலையில் இருப்பதுபோல இருபது வருடம் பக்கத்தில் நின்ற சக தொழிலாளி என்று யாரும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை நின்றால், வாரக் கணக்கில் வீட்டுத் திண்ணையில் ஒற்றையாக உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியூரில் தங்கி வேலை செய்கிறவர்கள் பாதி கட்டிய கட்டடத்திலேயே படுத்து எழுகிறார்கள். பேச்சுத் துணை கைப்பேசி மட்டும்.

இதன்மேல் கடன் ஏறி நிற்கிறது. காதுகுத்து, சடங்கு, மருத்துவச் செலவு, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் என்று வாங்கியது. பெண்கள் பெயரில் வாங்கும் குழுக் கடனுக்கு வாரம் தவறாமல் ஆள் வந்து நிற்பார். வேலை இல்லாத வாரத்திலும் தவணை உண்டு. கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025-ல் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டியிருந்தது என்றால், நிலைமை எவ்வளவு முற்றியிருந்தது என்று புரியும்.

உடம்பும் ஒத்துழைப்பதில்லை. நாற்பது வயதுக்குள் இடுப்பும் முழங்காலும் போய்விடுகின்றன. வலிக்கு மாத்திரை, அதையும் மீறினால் சரக்கு. சனிக்கிழமை சம்பளம், சனிக்கிழமை இரவு டாஸ்மாக், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சண்டை, திங்கட்கிழமை வேலைக்குப் போகாத குற்ற உணர்ச்சி. இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டவரைக் குடிகாரர் என்று ஒதுக்குவது எல்லாருக்கும் சுலபமாக இருக்கிறது. ஒதுக்க ஒதுக்க அவர் இன்னும் தனியாளாகிறார்.

பெண்களுக்கு இது இரட்டைச் சுமை. சித்தாள் என்ற பெயரிலேயே கடைசி வரை இருந்துவிடுகிறார்கள். முப்பது வருடம் கொத்தனாருக்குக் கலவை எடுத்துக் கொடுத்தவருக்குக் கரணை பிடிக்கக் கிடைப்பது அபூர்வம். ஆண் குடித்துவிட்டால் அவருடைய கடனுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். மேஸ்திரியின் சீண்டலை வெளியே சொன்னால் மறுநாள் வேலை இல்லை.

சாதி எங்கே வருகிறது?

சாதி என்பது வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்கிறவர்களையும் பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936-ல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் விளக்கினார். கட்டட வேலை நடக்கும் இடத்தைப் பார்த்தால் அது புரியும். கொத்தனாரும் நிமிந்தாளும் சித்தாளும் ஒரே வெயிலில்தான் நிற்கிறார்கள். சாப்பாட்டு நேரம் வந்தால் யார் எந்த மர நிழலில் உட்காருகிறார்கள், யாருடைய குழம்பை யார் வாங்கிக்கொள்கிறார்கள் என்பதில் ஊர் வந்துவிடும். டீ வரும்போது சிலருக்குக் கண்ணாடி டம்ளர், சிலருக்குக் காகித டம்ளர். வெளிப்படையாகச் சொன்னால் வழக்கு வரும் என்பதால், ‘சுத்தம்’ என்று அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

அஸ்திவாரம் தோண்டியது முதல் பூசி முடித்தது வரை அந்த வீட்டின் ஒவ்வோர் அறையிலும் புழங்கிய தொழிலாளி, பால் காய்ச்சிய மறுநாள் வாசலில் நின்று மீதிச் சம்பளம் கேட்க வேண்டியிருக்கிறது. சாமி அறைக்கு ஓடு பதித்தவர் அந்தத் திசையில் எட்டிப் பார்த்தால் வீட்டுக்காரர் முகம் மாறுகிறது. இது ஒருநாள் அவமானமாக இருந்தால் தாங்கிக்கொள்ளலாம். வாழ்நாள் முழுக்கக் கட்டும் ஒவ்வொரு வீட்டிலும் இது நடக்கும்போது, மனதில் கசப்பு படியாமல் எப்படி இருக்கும்?

மனநலத்துக்குச் சமூக உறவுதான் மருந்து என்று இப்போது உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். ஆனால் நம் ஊரில் உறவு என்பதே சாதிக் கோட்டுக்குள் அடங்குவதாக இருக்கிறது. காலனியிலிருந்து வரும் தொழிலாளி தன் கடனையும் கண்ணீரையும் ஊர்த்தெரு மேஸ்திரியிடம் சொல்வாரா? சொன்னால் அடுத்த வாரம் அது ஊர்ப்பேச்சாகாது என்று எதை நம்பிச் சொல்வார்? காலனிக்குள்ளேயே சொல்லலாம் என்றால், அங்கே பங்காளி, சம்பந்தி என்று கௌரவம் குறுக்கே நிற்கிறது. ஆகவே ‘நாலு பேரோடு கலந்து பேசுங்கள்’ என்ற அறிவுரை மட்டும் போதாது. எந்த நாலு பேர் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விசாரித்தால் உயிர் மிஞ்சும்

‘போய் விசாரித்தால் மட்டும் என்ன ஆகிவிடும்’ என்று கேட்கிறவர்களுக்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்பட ஐந்து நாடுகளின் ஐந்து ஊர்களில் ஓர் ஆய்வு நடத்தியது. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 1,867 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு அதோடு சேர்த்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு 18 மாதங்களில் 9 முறை தொலைபேசியிலோ நேரிலோ ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று விசாரித்தார்கள். முடிவு 2008-ல் வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற பிரிவில் 18 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்ட பிரிவில் 2 பேர். விலை உயர்ந்த மருந்தோ கருவியோ இதற்குத் தேவைப்படவில்லை. மறக்காமல் விசாரித்ததுதான் வித்தியாசம்.

ஜிம்பாப்வே நாட்டின் ஹராரே நகரில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-ல் வேறொரு வழியைத் தொடங்கினார். அந்த நாட்டில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தார்கள். அவர் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வளாகத்தில் ஒரு மரப் பெஞ்சில் உட்கார வைத்தார். மனம் நொந்து வருகிறவர்கள் அந்தப் பெஞ்சில் பாட்டியோடு உட்கார்ந்து பேசினார்கள். ‘மன அழுத்தம்’ என்ற மருத்துவச் சொல்லை அங்கே பயன்படுத்தவில்லை. ‘அதிக யோசனை’ என்று பொருள்படும் உள்ளூர்ச் சொல்லையே பயன்படுத்தினார்கள். நம் ஊரிலும் ‘ஒரே ரோசனையா இருக்கு’ என்றுதானே சொல்கிறோம்? அந்தப் பெஞ்சு பலன் தருகிறது என்று 2016-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஆய்வு முடிவு வெளிவந்தது.

கட்டடத் தொழிலுக்கென்றே ஒரு முன்மாதிரி ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அங்கே கட்டடத் தொழிலாளர்களிடையே தற்கொலை அதிகம் என்று ஆய்வு காட்டியதும், குயின்ஸ்லாந்து மாநிலத்தில் தொழிற்சங்கங்களும் நிறுவனங்களும் சேர்ந்து 2008-ல் ‘மேட்ஸ் இன் கன்ஸ்ட்ரக்ஷன்’ என்ற அமைப்பைத் தொடங்கின. வேலை நடக்கும் இடத்திலேயே எல்லாருக்கும் ஒரு சிறு வகுப்பு. அவர்களில் முன்வருகிறவர்களுக்குக் கூடுதல் பயிற்சி. பயிற்சி பெற்றவரின் தலைக்கவசத்தில் ஒரு ஒட்டுவில்லை இருக்கும். மனம் சரியில்லாதவர் அதைப் பார்த்து அவரிடம் போகலாம். அவரும் ஒரு தொழிலாளிதான். பாதுகாப்பான இடத்தில் கொண்டு சேர்க்கும் வரை கூடவே இருப்பது அவர் வேலை.

நம் பிள்ளைகள் வேலைக்குப் போகும் சிங்கப்பூரிலும் 2020-ல் கொரோனா அடைப்பால் விடுதிகளுக்குள் முடங்கிய தொழிலாளர்கள் மனம் உடைந்தபோது, அரசும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து தனித் திட்டம் தொடங்கின. கடல் கடந்த ஊரில் செய்ய முடிவதைக் காட்ரோட்டில் செய்ய முடியாதா?

சங்கத்தால் முடியும்

வெளிநாட்டுத் திட்டத்தை அப்படியே பெயர்த்து நட்டால் இங்கே வேர் பிடிக்காது. காரணம், மேலே சொன்ன சாதி. ஆனால் நம்மிடம் ஏற்கெனவே ஓர் அமைப்பு இருக்கிறது. அதுதான் சங்கம்.

அமைப்புசாராத் தொழிலாளருக்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று போராடி, 1982-ல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தைக் கொண்டுவரச் செய்தவர்கள் இங்குள்ள சங்கத்தினர். அதன்கீழ் 1994-ல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்தது. நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தலைமையில் இயங்கிய தேசியப் பிரச்சாரக் குழுவின் நீண்ட முயற்சிக்குப் பிறகு, 1996-ல் மத்தியச் சட்டமும் வந்தது. கட்டடச் செலவில் 1 விழுக்காடு தொழிலாளர் நல நிதிக்குப் போகிறது. அந்த நிதி நாடு முழுக்கச் சரியாகச் செலவிடப்படவில்லை, தொழிலாளியின் பணம் தொழிலாளிக்குப் போய்ச் சேரவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 19 அன்று கடுமையாகக் கண்டித்தது.

வாரியம் கொடுக்கும் கல்வி உதவி, திருமண உதவி, ஓய்வூதியம் எல்லாம் அவசியமானவை. தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை, ஈமச்சடங்குக்குப் பணம் உண்டு. ஆள் போன பிறகு கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை, ஆள் போகாமல் இருக்கச் செலவிட்டால் என்ன? இதுதான் இந்தப் பத்தியின் கோரிக்கை.

இருபது முப்பது பேர் கொண்ட ஒவ்வொரு வேலைக் குழுவுக்கும் ஒரு ‘தேடிப்போகும் ஆள்’ வேண்டும். அவரை மேஸ்திரி நியமிக்கக் கூடாது, தொழிலாளர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆணுக்கு ஒருவர், பெண்ணுக்கு ஒருவர். காலனி ஆட்கள் உள்ள குழுவில் அவர்களில் ஒருவர் கட்டாயம். அவர் வேலை இரண்டே இரண்டு. வேலைக்கு வராதவரை அன்று மாலைக்குள் நேரிலோ கைப்பேசியிலோ விசாரிப்பது ஒன்று. தேவைப்பட்டால் மருத்துவரிடமோ சங்கத்திடமோ கூட்டிப்போவது இன்னொன்று. இதற்கான பயிற்சியையும், பயிற்சி நாளின் கூலியையும் வாரியம் கொடுக்க வேண்டும். திண்டுக்கல்லில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகம், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்களோடு சேர்ந்து முதல் பயிற்சியை வத்தலக்குண்டிலேயே தொடங்கலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாக வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அதே வாசலில் நின்று ‘ராத்திரி தூக்கம் வருதா, மனசு எப்படி இருக்கு’ என்று இரண்டு கேள்வி கேட்கப் பழக்கினால், காலனிகளுக்குள் மனநலம் தானாக நுழைந்துவிடும். காலனிகளில் அம்பேத்கர் பெயரில் இருக்கும் படிப்பகங்களும் சமுதாயக் கூடங்களும் ஏப்ரல் 14-க்கும் டிசம்பர் 6-க்கும் மட்டும் திறக்காமல், வாரம் ஒரு மாலை தொழிலாளருக்காகத் திறந்திருக்கட்டும். மழைக்காலத்தில் வாரம் இரண்டு மாலை. கேரம் பலகை போதும், பேச்சு தானே வரும்.

ஒரே டம்ளர் என்பதைச் சங்கம் நிபந்தனையாக்க வேண்டும். 1938-ல் மன்மாடு நகரில் ரயில்வே தலித் தொழிலாளர் மாநாட்டில் பேசிய அம்பேத்கர், தொழிலாளி முதலாளித்துவத்தோடு பார்ப்பனியத்தையும் எதிர்க்க வேண்டும் என்றார். தொழிலாளருக்குள்ளேயே இருக்கும் பாகுபாட்டைச் சங்கங்கள் கண்டுகொள்ளாமல் விடுவதையும் அவர் சாடினார். கூலி உயர்வுக்கு ஒன்றாகக் கொடி பிடித்துவிட்டுச் சாப்பாட்டுக்குத் தனித்தனி நிழல் தேடும் சங்கத்தில், மனம் திறக்க யாருக்கும் தைரியம் வராது. கலந்து பழகுவது தானாக நடக்கும் என்று காத்திருக்கவும் முடியாது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள பட்டிவீரன்பட்டியில் பிறந்த ஊ.பு.அ.சௌந்தரபாண்டியனார், ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். அதன் பிறகுதான் ஒரே இருக்கையில் உட்காரும் பழக்கம் வந்தது. பொறுப்பில் இருப்பவர் ஒருவர் அழுத்திச் சொல்லாமல் எந்தக் கோடும் அழிந்ததில்லை.

கூலியா, பேச்சா?

‘வயிற்றுக்குக் கூலி கேட்டால் வாய்க்குப் பேச்சு கொடுக்கிறீர்களா?’ என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ‘யோகா செய், மனம் அமைதியாகும்’ என்று சொல்கிற முதலாளிகள் வருவார்கள். பேச்சால் கடன் தீராது. காகித டம்ளரும் மறையாது. மழைக்கால நிவாரணம், கந்துவட்டிக்குக் கடிவாளம், வாரிய அட்டைக்கு அலைய விடாத அலுவலகம் ஆகியவற்றுக்கான போராட்டம் ஒரு நாளும் ஓயக் கூடாது.

ஆனால் போராடுவதற்கு ஆள் உயிரோடு இருக்க வேண்டும். கூட்டத்துக்கு வராமல் போன தோழரைத் தேடிப் போகாத சங்கம், நாளை யாரை வைத்துக் கொடி பிடிக்கும்? இந்த வத்தலக்குண்டில் பிறந்த சுப்பிரமணிய சிவா, 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளரை வ.உ.சிதம்பரனாரோடு சேர்ந்து திரட்டினார். சிறை அவருக்குத் தொழுநோயைக் கொடுத்தது. ரயிலில் ஏறக் கூடாது என்று தடை போட்டார்கள். அவர் நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய் மக்களைப் பார்த்தார். அவருக்குச் சிலை வைத்து மாலை போடுகிற நாம், நாலு தெரு தள்ளி இருக்கும் சக தொழிலாளியின் வீட்டுக்கு நடந்து போகலாம்.

போனால் என்ன கேட்பது? பெரிய பேச்சு வேண்டியதில்லை. ‘என்னப்பா, நாலு நாளா ஆளைக் காணோம்?’ என்பதே போதும். பதில் வரும் வரை காத்திருக்க வேண்டும். அறிவுரை சொல்ல அவசரப்படக் கூடாது. ‘எல்லாருக்கும்தான் கஷ்டம்’ என்று வாயை அடைக்கவும் கூடாது. சந்தேகம் இருந்தால் ‘செத்துப் போகலாம்னு தோணுதா?’ என்று நேராகவே கேட்கலாம். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது, மனப் பாரத்தைத்தான் குறைக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆமாம் என்றால் அவரைத் தனியாக விட வேண்டாம். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போகலாம். காவல் நிலையம் என்ற பயம் வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக நடத்திய பழைய 309-வது பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டத்தில் இல்லை. 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுக்க வேண்டியது அரசின் கடமை என்கிறது.

ஒரு சாவு விழுந்தால் நம் காலனியில் வேலைக்குப் போகாமல் எல்லாரும் கூடிவிடுகிறோம். பந்தல் போடுவதிலிருந்து குழி வெட்டுவது வரை யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தில் கொஞ்சத்தை உயிரோடு இருக்கும்போதே காட்டினால் பல பந்தல்கள் தேவைப்படாது. வாரியமும் அரசும் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். வருகிற சனிக்கிழமை சம்பளம் பிரிக்கும்போது ஒவ்வொரு குழுவும் ஒரு பெயரை முடிவு செய்யட்டும். திங்கட்கிழமை வராதவரின் வீட்டுக்குப் போகப் போகிறவர் யார் என்று.

(மனச்சோர்வோ தற்கொலை எண்ணமோ இருந்தால் பேசலாம்: டெலி மானஸ் 14416, தமிழக அரசு சுகாதார உதவி எண் 104, சிநேகா 044-24640050.)